இருபது லட்சத்தில் ஏரி மீனைக் காப்பாற்ற என்ன வாங்கலாம்?

எங்கள் ஏரிக்கு இருபது லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. பக்கத்து கம்பெனி ஒன்று சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் தருகிறது. மார்ச் 31-க்குள் செலவாகிவிட வேண்டும், கரையில் அவர்கள் பெயரோடு ஒரு போர்டு இருக்க வேண்டும், கேட்டது அவ்வளவுதான். மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் இதே பேச்சு. நீரூற்று என்கிறார் ஒருவர், மீன்குஞ்சு விடலாம் என்கிறார் இன்னொருவர், அப்புறம் மிதக்கும் தோட்டம், தூர் வாருவது, தண்ணீரைச் சுத்தமாக்கும் ஏதோ ஒரு பவுடர். ஞாயிறு காலை கூட்டம். அதற்குள் எது என்ன செய்யும், எது செய்யாது என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டால் கூட்டத்தில் பாதிச் சண்டை குறையும் என்று நினைத்தேன். ஏரியின் பெயர் வேண்டாம். பெங்களூரின் கிழக்கே, சுற்றி மூன்று லேஅவுட், நடுவில் ஒரு பழைய கிராமம், வடக்கு மூலையில் ராஜகாலுவே, அதாவது சாக்கடையும் சேர்ந்து ஓடும் பெரிய மழைநீர்க் கால்வாய், வந்து விழும். இப்படி இந்த ஊரில் எத்தனையோ ஏரி இருக்கிறது, எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன ஏப்ரலில் நடந்ததைச் சொல்லாமல் ஆரம்பிக்க முடியாது. ஒரு மாதம் கொளுத்திய வெயிலுக்குப் பிறகு முதல் மாம்பழ மழை, ராத்திரி ஒன்பது மணிக்குப் பிடித்து முக்கால் மணி நேரம் கொட்டியது. எல்லோரும் பால்கனியில் நின்று மண்வாசனை பிடித்தோம். காலையில் போய்ப் பார்த்தால் கரை முழுக்க வெள்ளை வயிறு. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அண்ணன் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. பரிசலில் நின்று துடுப்பாலேயே ஒரு கட்லாவைப் புரட்டிக் காட்டினார். "பாருங்க சார், செத்தது பூராவும் பெருசு. மருந்து கலந்திருந்தா குஞ்சும் சேர்ந்து போயிருக்கும். இது மூச்சு முட்டிச் செத்தது."

அவர் சொன்னது சரி. தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது பெரிய மீன்தான் முதலில் போகும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில், வள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில், ஆயிரக்கணக்கில் மீன் மிதந்ததைப் பார்த்தவர்கள் நம் ஆட்களில் நிறைய பேர் இருப்பீர்கள். ஒவ்வொரு கோடையிலும் பெங்களூரில் ஏதாவது ஒரு ஏரியில் இது நடக்கிறது.

ஏன் நடக்கிறது என்பது புரிந்தால்தான் எதை வாங்கலாம் என்பது புரியும். சாக்கடை வருகிறது, அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கிறது, பாசி அதைத் தின்று பெருகுகிறது. ஒரு கிலோ பாஸ்பரஸ் சுமார் நூறு கிலோ உலர்ந்த பாசிக்குப் போதும். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை விடுகிறது, சாயங்காலம் மூன்று மணிக்கு அளந்தால் ஏரி அமோகமாக இருப்பது போலத் தெரியும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கிறது, அடியில் சேறும் இழுக்கிறது, மீனும் இழுக்கிறது, விடியற்காலை ஐந்தரைக்கு எல்லாம் காலி. இதோடு முதல் மழை சேர்ந்தால், ஆறு மாதமாகக் கால்வாயில் அழுகிக் கிடந்த அத்தனையும் ஒரே மூச்சில் ஏரிக்குள் வந்து விழுகிறது, அடிச்சேறு கலங்கி மேலே வருகிறது, மறுநாள் மேகமூட்டம் என்றால் பாசியும் கைகொடுக்காது. மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு.

இதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். ஒரு சோதனைக் கிட் வாங்கியிருக்கிறோம், பழைய விங்க்ளர் முறை. கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ் இல்லாமல் ஏரித்தண்ணீரை நிரப்பி, இரண்டு மருந்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு, மூடி, தலைகீழாகக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் டிகாஷன் நிறத்தில் பழுப்பாகத் திரிந்து படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே, தயிர் நீர்த்த மாதிரி நிற்கும். மத்தியானம் எடுத்த குப்பி நல்ல பழுப்பு. மறுநாள் விடிவதற்குள் அதே படித்துறையில் எடுத்தது கிட்டத்தட்ட வெள்ளை. முதல் நாள் பதினொரு மணிக்குச் சாம்பிள் எடுத்துப்போன ஒரு ஆய்வகம் "திருப்திகரம்" என்று தாள் கொடுத்திருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, பதினொரு மணிக்கு ஏரி திருப்தியாகத்தான் இருந்தது.

சரி, நீரூற்று. குழுவில் அதிக ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும், விளக்கு போடலாம், போட்டோ நன்றாக வரும். நான் இதை அடியோடு எதிர்க்கவில்லை, கணக்கை மட்டும் பாருங்கள். ஒன்பதாயிரம் பேர் வீட்டிலிருந்து நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் சாக்கடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அழுக்கை எரித்து முடிக்க லிட்டருக்கு 250 மில்லிகிராம் ஆக்சிஜன் என்றால் மொத்தம் 250 கிலோ, தினமும். இறால் பண்ணைகளில் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கச் சுற்றும் இரண்டு குதிரைத்திறன் ஏரேட்டர், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ ஆக்சிஜன் கரைத்தால் பெரிய விஷயம். இருபத்துநாலு மணி நேரம் ஓடினால் 36 கிலோ. ஆக ஏழு ஏரேட்டர், ராப்பகல் நிற்காமல். யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டாலும் நாளுக்கு இரண்டாயிரம், மாதம் அறுபதாயிரம், வருஷம் ஏழு லட்சத்துக்கு மேல். இவ்வளவு செலவழித்த பிறகும் பாஸ்பரஸ் அப்படியே உள்ளே கிடக்கும், பாசி அப்படியே வளரும்.

இதைவிட வேடிக்கை, நீரூற்றை எல்லா இடத்திலும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஓட்டுகிறார்கள், வாக்கிங் வருபவர்களுக்காக. அந்த நேரத்தில் பாசி நிறைந்த தண்ணீரில் ஆக்சிஜன் அளவுக்கு மேல் இருக்கும், அதைக் கலக்கினால் காற்றுக்குத்தான் போகும். மீனுக்காக என்றால் நடுராத்திரி பன்னிரண்டிலிருந்து சூரியன் வரும்வரை ஓட்ட வேண்டும், யாரும் பார்க்காத நேரம். டைமர் வைத்து அப்படி ஓட்டச் சம்மதம் என்றால், மீன் ஒதுங்க ஒரு மூலையாவது இருக்கட்டும் என்று இரண்டு துடுப்புச் சக்கர ஏரேட்டர் வாங்கலாம். விளக்கு வேண்டாம்.

மீன்குஞ்சு விடுவது பற்றி. இது மனசுக்கு நிறைவான வேலை, குழந்தைகளை வரிசையில் நிற்க வைத்துப் பிளாஸ்டிக் பையிலிருந்து கவிழ்க்கலாம். ஆனால் நாம் விடப்போகும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள், மழைக்காலத்தில் வெள்ளம் ஓடினால்தான் முட்டையிடும், தேங்கிய ஏரியில் இனம் பெருக்காது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன் விஞ்ஞானி ஹிராலால் சவுத்ரி இந்த வகைக் கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் குஞ்சு பொரிப்பகம் என்ற தொழிலே பெருகியது. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆக அது ஒரு வெள்ளாமை. விதைக்கலாம், அறுக்கலாம், அடுத்த வருஷம் மறுபடி விதைக்க வேண்டும். குத்தகைக்காரர் அதைத் தன் காசில் ஏற்கெனவே செய்கிறார். மூச்சு முட்டுகிற தண்ணீரில் இன்னும் பத்தாயிரம் மூக்கைச் சேர்ப்பதற்கு நம் காசு எதற்கு? (மீனுக்கு மூக்கு இல்லை என்று ஒருவர் கமெண்ட் போடுவார். செவுள் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.)

பாசியைத் தின்னும், செடியைத் தின்னும் என்று புல் கெண்டை விடச் சொல்பவர்களும் உண்டு. தின்னும்தான். தின்றதில் பெரும்பகுதி மறுபடி அதே தண்ணீரில்தான் போகிறது, கரையோரச் செடியும் காலி. இன்னொன்று, தயவுசெய்து யாரும் "எந்தத் தண்ணீரிலும் சாகாத மீன்" என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்துவிடாதீர்கள். காற்றை நேரடியாக மூச்சிழுக்கும், கோழிக்கழிவு கொட்டினாலும் வளரும், வாயில் அகப்படும் எதையும் விழுங்கும். அதனால்தான் 2000-த்திலேயே தடை போட்டார்கள், இன்னும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். ஏரியில் ஜிலேபி மீனும் இந்தக் கெளுத்தியும் மட்டும் துள்ளுகிறது என்றால் ஏரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்தது, சாக்கடையிலும் குடித்தனம் நடத்தும்.

நிஜமாகவே இந்த ஏரியின் மீன் எது என்று கேட்டால் விரால், குறவை, நாட்டுக் கெளுத்தி, கெண்டைப்பொடி, அயிரை. இவற்றை யாரும் விட வேண்டாம், கரையோரம் முட்டளவுத் தண்ணீரும் கொஞ்சம் கோரையும் இருந்தால் போதும், தானே பெருகும். இரண்டு வருஷத்துக்கு முன் கிழக்குக் கரையில் விரால் பார்ப்பு பார்த்தேன். செம்மண் நிறத்தில் ஒரு கைப்பிடிக் குஞ்சு, பந்தாகச் சுருண்டு மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போகிறது, ஒரு முழம் கீழே தாய் கறுப்பாக அசையாமல் நிற்கிறது. பந்து நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. அரை மணி நேரம் நின்றேன், ஆபீஸ் கேப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது நடைபாதைக்காகக் கல் பதித்துச் செங்குத்தாகக் கட்டிவிட்டார்கள்.

தூர் வாருவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேற்றில் பல வருஷத்துப் பாஸ்பரஸ் இருக்கிறது, எடுத்தால் நல்லதுதான், ஆனால் இருபது லட்சம் இந்த அளவு ஏரிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. தண்ணீரை வடித்துவிட்டு ஜேசிபி இறக்குவார்கள், இருக்கிற மீனும் போகும், கடைசியில் ஓரம் முதல் நடுவரை ஒரே ஆழமாகச் சூப் கிண்ணம் போல வெட்டி வைப்பார்கள், விராலுக்கு முட்டையிட இடமிருக்காது, கொக்குக்கு நிற்க இடமிருக்காது. செய்வதென்றால் கால்வாய் வந்து விழும் இடத்தில் மட்டும் ஒரு வண்டல் தொட்டி வெட்டி வருஷா வருஷம் அதை மட்டும் அள்ளலாம். பவுடருக்கு ஒரு வரி போதும்: தினமும் புதுச் சாக்கடை வரும்போது நேற்றுப் போட்ட பவுடர் என்ன செய்யும்?

மிதக்கும் தோட்டம் எனக்குப் பிடிக்கும். மூங்கில் சட்டத்தில் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டு மிதக்கவிடுவது, வேர் கீழே தாடி போலத் தொங்கும், குஞ்சுமீன் அதற்குள் ஒளியும். ஜே.பி. நகர் புட்டேனஹள்ளி ஏரியில் பார்த்திருப்பீர்கள். அங்கே இருப்பது வேறு நிலைமை, சின்ன ஏரி, பக்கத்து அடுக்குமாடியின் சுத்திகரித்த தண்ணீர் வருகிறது, தினமும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது. நாம் நாலு தோட்டம் மிதக்கவிட்டு ராஜகாலுவேயோடு மல்லுக்கட்ட முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக இரண்டு செய்யலாம், அவ்வளவுதான்.

இனி வாசல். சாக்கடை நுழையும் அந்த வடக்கு மூலை. இங்கேதான் இரண்டு வழி இருக்கிறது, கூட்டத்தில் நிஜமாக விவாதிக்க வேண்டியதும் இதைத்தான்.

முதல் வழி, சாக்கடையை ஏரிக்குள் விடாமல் குழாய் போட்டுச் சுற்றிக்கொண்டுபோய், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலுக்குக் கீழே விட்டுவிடுவது. பல ஏரிகளில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கும். மூன்று குறை. ஒன்று, மழையை விட்டால் இந்த ஏரிக்கு வேறு தண்ணீர் கிடையாது, மேலே இருந்த ஏரிகள் பஸ் ஸ்டாண்டும் விளையாட்டு மைதானமுமாகிவிட்டன. சாக்கடையை முழுசாகத் திருப்பினால் மார்ச்சில் ஏரி கணுக்காலுக்கு வந்துவிடும், அப்போது மீன் மூச்சு முட்டுவதற்குப் பதில் வெந்து சாகும். இரண்டு, மழை பெய்தால் குழாய் தாங்காது, வழிந்து ஏரிக்குள்தான் விழும், அதிலும் அந்த முதல் அரை மணி நேரத்து மகா அழுக்கு. போன ஏப்ரலில் கொன்றது அதுதான். மூன்றாவதை நம் தமிழ் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் கீழே தள்ளிவிடுவது பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தென்பெண்ணை, அப்புறம் ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அணையில் நுரை பொங்கி வயலுக்குள் பறக்கிற வீடியோவை ஊரிலிருந்து நமக்கே அனுப்பி "என்னப்பா உங்க பெங்களூரு" என்று கேட்கிறார்களே, அந்த நுரையில் நம் வீட்டு வாஷிங் மெஷினும் இருக்கிறது.

இரண்டாவது வழி, வடக்கு பெங்களூரில் இருக்கும் ஜக்கூர் ஏரி மாதிரி. அங்கே சாக்கடை முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து வரும் தண்ணீர் நேரே ஏரிக்குள் விழாமல் சம்பும் கோரையும் வளர்ந்த ஒரு சதுப்பைக் கடந்து, மெதுவாக, ஏரிக்கு வருகிறது. நிலையம் அழுக்கைக் குறைக்கும், ஆனால் சாதாரண நிலையம் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெரிதாகத் தொடாது, அதைச் செடிகள் எடுத்துக்கொள்கின்றன. அங்கே மீனவர்கள் வலை போடுகிறார்கள், கூழைக்கடா வருகிறது, ஏரி கோடையிலும் நிறைந்திருக்கிறது. நமக்கும் அதேபோல் என்று ஆசைப்படலாம், ஆனால் நம்மிடம் சுத்திகரிப்பு நிலையம் இல்லை, இருபது லட்சத்தில் கட்டவும் முடியாது. பச்சைச் சாக்கடையைச் சதுப்பில் விட்டால் இரண்டு வருஷத்தில் சதுப்பே சாக்கடைக் குளமாகும்.

அதனால் நான் சொல்வது இரண்டும் கலந்த ஒன்று. சாக்கடையைத் திருப்பும் குழாய் குடிநீர் வாரியத்தின் வேலை, அதற்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருப்போம். மேற்கே இருக்கும் பெரிய அடுக்குமாடிக்காரர்கள் தங்கள் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரை இப்போது வடிகாலில் விடுகிறார்கள், அதை ஏரிக்குத் தரச் சம்மதம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வந்தால் கோடைக்குத் தண்ணீர் ஆச்சு. நம் காசில் வடக்கு மூலையில் குப்பைக்கு ஒரு கம்பி வலை, வண்டல் தொட்டி, அதற்கடுத்து வளைந்து வளைந்து போகிற மாதிரி ஒரு சதுப்பு, நடுவில் ஒரு மதகு. பன்னிரண்டு லட்சத்துக்குள் மண்வேலையாக முடிக்கலாம் என்று எங்கள் லேஅவுட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற சிவில் என்ஜினியர் ஐயா போட்டுக்கொடுத்திருக்கிறார். கவனிக்க வேண்டியது, சதுப்பு என்றால் செடியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது அறுத்து வெளியே கொண்டுபோக வேண்டும், அறுக்காவிட்டால் அது அங்கேயே அழுகி எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

குத்தகையை ரத்து செய்ய வேண்டும், மீன்பிடிப்பே கூடாது என்று குழுவில் சிலர் எழுதுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலை நாலரைக்கு ஏரியில் இருக்கிற ஒரே மனிதர் அவர்தான். மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது என்று எனக்கு போன் செய்தவர் அவர்தான், நாம் போய்ப் பார்த்தது எட்டு மணிக்கு. வலைக்கண் பெரிதாக இருக்கட்டும், வெளியிலிருந்து தீவனம் கொட்டக்கூடாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி கூடாது, வங்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிற மாதிரி இங்கே மழை தொடங்கி விரால் குஞ்சு பொரிக்கிற இரண்டு மாதம் கிழக்குக் கரையில் வலை போடாமல் இருக்கட்டும். கேட்டேன். "கிழக்கால எனக்கு என்ன சார் கிடைக்குது, விட்டுடறேன்" என்றார். மீன்வளத்துறை ஒப்பந்தத்தில் இதை எழுத்தில் சேர்க்க வைப்பது வேறு கதை. ஏரி மாநகராட்சியுடையது, மீன் மீன்வளத்துறையுடையது, சாக்கடை குடிநீர் வாரியத்துடையது, மூன்று ஆபீஸ்.

கணக்கு இப்படி வருகிறது: வாசல் வேலைக்குப் பன்னிரண்டு லட்சம், டைமரோடு இரண்டு ஏரேட்டருக்கும் மின் இணைப்புக்கும் மூன்று, கிழக்குக் கரையில் ஐம்பது அடிக்காவது அந்தக் கல்லைப் பெயர்த்துச் சரிவாக்க இரண்டு, சோதனைக் கிட்டுக்கும் இரண்டு மிதக்கும் தோட்டத்துக்கும் ஒன்று. மீதி இரண்டு லட்சத்தில்தான் சிக்கல். மதகு வைத்தால் அதைத் திறந்து மூட ஆள் வேண்டும். முதல் மழை இரவு ஒன்பது மணிக்கு வந்தால் ஒன்பது மணிக்கே போய் மூடி, அழுக்கு கீழே போன பிறகு திறக்க வேண்டும். முன்பு இந்தக் கிராமத்தில் அதற்கென்றே நீருகண்டி இருந்தார், நம் ஊரில் நீர்கட்டி என்போமே, அதேதான். அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன் இப்போது டெலிவரி வேலை பார்க்கிறான், மாதச் சம்பளம் கொடுத்தால் வரத் தயார். கம்பெனியில் கேட்டால் சம்பளத்துக்குக் கொடுக்க முடியாது, "அசெட்" வேண்டும், போட்டோ வேண்டும் என்கிறார்கள். அந்தச் சம்பளத்தை மூன்று லேஅவுட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் பிரித்துக்கொள்ளலாமா என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கப்போகும் கேள்வி. வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் கூட வராது. அதற்கு "ஆம்" வராவிட்டால் மதகே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், திறந்தே கிடக்கிற மதகுக்குக் காசு எதற்கு. மீதி இரண்டு லட்சத்துக்கு அப்புறம் நீரூற்றே வாங்கிக்கொள்ளுங்கள், விளக்கோடு.

கூட்டம் ஏழு மணிக்கு, பால் பூத் பக்கத்து மரத்தடியில். குப்பிச் சோதனையைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஐந்தரைக்கே படித்துறைக்கு வாருங்கள், டார்ச் எடுத்துவாருங்கள், இரண்டாவது படி வழுக்கும்.